கடலில்லா ஊரிலிருந்து – 7
நாலு மீட்டர் உச்சி

போன வாரம் அகஸ்தியம்பள்ளி ரயிலோடு நிறுத்தினேன். திண்டுக்கல்காரனுக்குக் கோடியக்கரை மேல் ஏன் இந்தக் கிறுக்கு என்று முதல் வாரத்திலேயே சொல்லியாயிற்று.

இந்த வாரம் தங்குமிடம் பற்றி எழுதுவதாகத்தான் பேச்சு. நடுவில் ஒரு விவரம் வந்து உட்கார்ந்துகொண்டது. கோடியக்கரையிலேயே உயரமான இடம் காட்டுக்குள் இருக்கும் ராமர் பாதம். உயரம்? கடல் மட்டத்திலிருந்து 4 மீட்டர்! நம்மூர் மாடி வீட்டில் மொட்டைமாடி அதைவிட உசரம். அண்ணாந்து பார்க்க மலைக்கோட்டையும் சிறுமலையும் இருக்கிற நமக்கு, இப்படி ஓர் ஊரை மனதில் வரையவே வராது.

ராமன் அங்கே நின்று இலங்கையைப் பார்த்தான் என்பது ஐதீகம். வெங்காய மண்டியில் இருக்கும் மச்சானிடம் சொன்னேன். “நாலு மீட்டர்ல நின்னா இலங்கை தெரியுமா மாப்ள?” என்றான். கணக்குப் போட்டேன். அந்த மேட்டில் நிற்கிற ஆளுக்கு எட்டு கிலோமீட்டர் சுற்றுக்குள்தான் தொடுவானம். அக்கரை அதைப்போலப் பல மடங்கு தள்ளி. “அவரு ராமரு, தெரிஞ்சிருக்கும்” என்று மச்சானே தீர்ப்பும் சொல்லிவிட்டான்.

அந்த நாலு மீட்டரில்தான் ஊரின் ஜாதகமே இருக்கிறது. மழைநீரும் கடல்நீரும் வடிய வழியில்லாமல் மெல்லிசாகப் பரவிக் கிடக்கும். வெயில் அதைக் காய்ச்சும். அதனால் உப்பளம். முழங்கால் ஆழம்கூட இல்லாத உவர்நீர் என்பதால் பூநாரை. 1967இல் வெளிமானுக்காகச் சரணாலயமான இடம், 2002இல் தமிழ்நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலம் ஆனது. அதே தாழ்வுதான் 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயலில் வினையானது. கடல் உள்ளே வந்தபோது, மேடேறித் தப்ப மேடு ஏது? மரங்கள் சாய்ந்தன, வெளிமான்களும் காட்டுக்குதிரைகளும் செத்தன.

ஆகவே தேதி குறிப்பதில் அவசரம் வேண்டாம். அக்டோபரிலேயே பறவைகள் வரத் தொடங்கிவிடும், உண்மைதான். ஆனால் நவம்பர் புயல் மாதம், டிசம்பரையும் நம்ப முடியாது. ஜனவரிக்கு என் ஓட்டு. மழை விட்டிருக்கும், பூநாரையும் இருக்கும்.

வேதாரண்யத்தில் லாட்ஜா, கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லமா என்ற வழக்கு அடுத்த வாரத்துக்குப் போகிறது. ஆசிரியர் இரண்டு முறை போன் செய்துவிட்டார். அதற்குள் காலண்டரில் தை அமாவாசை என்றைக்கு என்று பார்த்து வையுங்கள். அன்று கோடியக்கரைக் கடல்துறையான ஆதிசேதுவில் முழுக்குப் போட ஊர் ஊராக ஜனம் இறங்கும். அதற்கு முந்தின நாளும் பிந்தின நாளும் அறை கேட்டு அலைய வேண்டாம்.

(தொடரும்)