பிரெஞ்சு சாப்பாட்டு மேஜையிலிருந்து விடைபெறும் ஒயின்!

பிரான்ஸின் தென்மேற்குக் கிராமங்களில் ஒரு பழைய பழக்கம் உண்டு. சூப் குடிக்கும்போது கிண்ணத்தின் அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக்கொள்வார்கள். அதில் சிவப்பு ஒயினை ஊற்றிச் சுழற்றி, கிண்ணத்தை இரண்டு கைகளாலும் தூக்கி அப்படியே குடித்துவிடுவார்கள். இதற்கு 'ஷாப்ரோ' என்று பெயர். விருந்தாளிகள் முன்னால் செய்கிற காரியமல்ல இது. வயலில் பாடுபட்டுவிட்டு வந்த தாத்தாக்கள் சொந்த வீட்டில், சொந்த மேஜையில் செய்தது.

ஒயின் என்றதும் நமக்கு மெல்லிய கண்ணாடிக் கோப்பையும் நட்சத்திர ஹோட்டலும்தான் நினைவுக்கு வரும். சாதாரண பிரெஞ்சுக் குடும்பங்களுக்கோ, பல தலைமுறைகளாக அது ரொட்டி, உப்பு, வெங்காயத்தோடு சேர்ந்த மளிகைச் சாமான். லிட்டர் கணக்கில் வாங்குவார்கள். கழுத்தருகே நட்சத்திரங்கள் பொறித்த கண்ணாடி பாட்டிலில் வரும். காலியானதும், நம்மூர் சோடா பாட்டில் மாதிரி, கடையில் திருப்பிக் கொடுத்து முன்பணத்தை வாங்கிக்கொள்ளலாம். அதிலும் பலர் தண்ணீர் கலந்துதான் குடித்தார்கள். லுவார் நதிப் பகுதியில், கோடைக்காலத்தில் காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு, ஒயினும் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துக் குளிரக் குளிரச் சாப்பிடுவார்கள். ஏறக்குறைய அந்த ஊர்ப் பழைய சோறு!

கிழட்டுச் சேவலும் மலிவு ஒயினும்

பிரெஞ்சு சமையல் என்றாலே ஆடம்பரம் என்று நினைக்கிறோம். வீட்டுச் சாப்பாட்டைப் பார்த்தால் எல்லாமே சிக்கனத்தில் பிறந்தவை. 'போ-தோ-ஃபே' என்ற பதார்த்தத்தை எடுத்துக்கொள்வோம். மாட்டிறைச்சியில் மலிவான, நார் அதிகமுள்ள துண்டுகளை கேரட், டர்னிப், லீக் தண்டுகளோடு போட்டு, சின்னத் தீயில் மூன்று நான்கு மணி நேரம் வேகவைப்பார்கள். முதலில் அந்த வடிசாறு சூப்பாக வரும். பிறகு இறைச்சியும் காய்களும், தொட்டுக்கொள்ளக் கல் உப்பும் கடுகு விழுதும். மிஞ்சியதை மறுநாள் கொத்தி, மசித்த உருளைக்கிழங்கால் மூடி அடுப்பில் வைத்தால் 'அஷி பார்மாந்தியே'. 18-ம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்களை உருளைக்கிழங்கு சாப்பிட வைக்கப் பாடுபட்ட பார்மாந்தியேவின் பெயர் இந்த மிச்சச் சாப்பாட்டில் நிலைத்துவிட்டது.

'கோக் ஓ வான்' இன்று ரெஸ்டாரன்ட் மெனுக்களில் கம்பீரமாக நிற்கிறது. ஆனால், அதன் பூர்வீகம் கிழட்டுச் சேவல். வறுத்தால் பல் உடையும். அதைச் சிவப்பு ஒயினில் ஊறவைத்து, அதிலேயே மெதுவாக வேகவிட்டால் விட்டுக்கொடுக்கும். ஒயினின் புளிப்பு இறைச்சியைப் பதமாக்க, நீண்ட நேரச் சூடு மிச்ச வேலையைச் செய்யும். இதற்கு விலை உயர்ந்த ஒயின் எதற்கு? மேஜையில் இருக்கும் அதே பாட்டில் போதும்.

குடித்து மிஞ்சியதும் வீணாகாது. பல வீடுகளில் சமையலறை ஓரத்தில் ஒரு மண் ஜாடி இருக்கும். மிச்ச ஒயினை அதில் ஊற்றிக்கொண்டே வந்தால் வினிகர் ஆகிவிடும். மேலே ஆடைபோல் படரும் நுண்ணுயிர்ப் படலத்துக்கு 'வினிகரின் தாய்' என்று பெயர். உறை மோர் மாதிரி, அதையும் அக்கம்பக்கத்தில் கேட்டு வாங்கிப் போவார்கள்.

எந்த உணவுக்கு எந்த ஒயின் என்று இன்று தடித்தடியாகப் புத்தகங்கள் வருகின்றன. அந்தக் காலத்து வீடுகளில் இதற்கு ஒரே விதிதான். ஊரில் விளைந்த சாப்பாட்டுக்கு ஊரில் விளைந்த ஒயின். தெற்கே காஸ்டெல்நோதாரி ஊரின் 'கஸ்ஸூலே' வெள்ளை பீன்ஸ், வாத்து, பன்றி இறைச்சி என்று கொழுப்பு மிதக்கும் சட்டி. அதற்குப் பக்கத்து மலைச்சரிவின் கோர்பியேர் சிவப்பு ஒயின். அதன் துவர்ப்பு, வாயில் ஒட்டும் கொழுப்பை அறுத்துவிடும். அட்லான்டிக் கரையில் சிப்பி மீனுக்கும் மத்திக்கும் புளிப்பான மஸ்கதே வெள்ளை ஒயின். வறுத்த மீன்மேல் எலுமிச்சை பிழிகிறோமே, அதே தர்க்கம். லியோன் நகரச் சின்ன உணவகங்களில் சாசேஜுக்குத் துணையாக போஜோலே, கனத்த அடிப்பாகமுள்ள 46 சென்டிலிட்டர் குப்பியில் வரும். லேபிள்கூட இருக்காது.

ரயில் ஏறிய திராட்சை ரசம்

இவ்வளவு மலிவாக எப்படிக் கிடைத்தது? 1850-களில் தெற்கிலிருந்து பாரிஸுக்கு ரயில் பாதை இணைந்தது. மத்தியதரைக் கடலோரமுள்ள லாங்கடாக் பகுதி, கோதுமையைக் கைவிட்டுத் திராட்சைக்கு மாறியது. அராமோன் என்ற ரகம் அளவில்லாமல் காய்க்கும். சாறு வெளிறி, தண்ணீராக இருக்கும். அதற்குத் தெம்பூட்ட, அப்போது பிரான்ஸின் பிடியிலிருந்த அல்ஜீரியாவின் கெட்டியான ஒயினைக் கலந்தார்கள். தொழிலாளியின் மேஜைக்கு வந்தது இந்தக் கலவைதான்.

நடுவில் ஒரு பேரிடி. அமெரிக்காவிலிருந்து வந்த ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி, 1860-களிலிருந்து வேர்களைத் தின்று பெரும்பாலான தோட்டங்களை அழித்தது. அமெரிக்கத் திராட்சையின் வேர்த்தண்டில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டுத்தான் மீண்டார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் சர்க்கரைத் தண்ணீரிலும் உலர்திராட்சையிலும் போலி ஒயின் பெருகியது. தோட்டங்கள் மீண்ட பிறகும் அது ஓயவில்லை. விலை பாதாளத்துக்குப் போக, 1907 ஜூன் 9 அன்று மோன்பெலியே நகரில் லட்சக்கணக்கானோர் திரண்டார்கள். சில நாள்களில் நர்போன் ஊரில் ராணுவம் சுட்டதில் உயிர்கள் போயின. அந்த மாத இறுதியிலேயே போலி ஒயினுக்கு எதிரான சட்டம் வந்தது.

முதல் உலகப் போரில் அகழிகளில் கிடந்த வீரர்களுக்கு முதலில் நாளுக்குக் கால் லிட்டரும், பிறகு அரை லிட்டரும் அரசே ஒயின் கொடுத்தது. குடியானவனின் பானம் தேசத்தின் பானமானது அங்கேதான்.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஒயினுக்கு ரேஷன் வந்தபோது, பாரிஸில் கல்லீரல் சுருக்க நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை மளமளவென்று சரிந்தது. ரேஷன் போனதும் மறுபடி ஏறியது. இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டுமா? பள்ளிக்கூட மதியச் சாப்பாட்டில்கூட ஒயின் இருந்த நாடு அது. 1954-ல் பிரதமர் மெண்டேஸ் பிரான்ஸ் பள்ளிகளில் பால் கொடுக்க ஆரம்பித்ததோடு, தானும் எல்லோர் முன்னிலையிலும் பால் குடித்தார். கேலிச்சித்திரக்காரர்களுக்குக் கொண்டாட்டம். ஆனாலும், 1956-ல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பள்ளியில் ஒயின் கொடுப்பது தடைசெய்யப்பட்டது. இன்று பிரெஞ்சுப் பொதுச் சுகாதாரத் துறையின் அறிவுரை: வாரத்துக்குப் பத்துக் கோப்பைக்கு மேல் வேண்டாம், நாளுக்கு இரண்டைத் தாண்டக் கூடாது, குடிக்காத நாள்களும் இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனமோ, பாதுகாப்பான அளவு என்று எதுவுமே இல்லை என்கிறது.

காலியாகும் கோப்பை, காலியாகும் தோட்டம்

1980-ல் பிரெஞ்சுக்காரர்களில் பாதிப் பேர் தினமும் அல்லது ஏறக்குறைய தினமும் ஒயின் குடித்தார்கள். 2022-ல் அது பத்தில் ஒருவராகிவிட்டது. மருத்துவ எச்சரிக்கை ஒரு காரணம், 1991-ன் விளம்பரக் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்னொன்று. எல்லாவற்றையும்விட, சாப்பாடே மாறிவிட்டது. மதிய உணவுக்கு வீடு திரும்புகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். நான்கு மணி நேரம் போ-தோ-ஃபே கொதிக்க வைக்க யாருக்கு நேரமிருக்கிறது? ஆபீஸ் கம்ப்யூட்டர் முன்னால் சாண்ட்விச் கடிப்பவருக்கு ஒயின் எதற்கு? குடிக்கிறவர்களும் வார இறுதியில் நண்பர்களோடு, கொஞ்சம் நல்ல பாட்டிலாகப் பார்த்துத் திறக்கிறார்கள். அன்றாடச் சாமான் விசேஷப் பொருளாகிவிட்டது.

உடம்புக்கு இது நல்ல சேதிதான். அடி விழுந்தது நாலைந்து யூரோ பாட்டிலை நம்பிப் பிழைத்த லாங்கடாக் விவசாயிக்கு. 2023-ல் விற்காத ஒயினை வாங்கிக் காய்ச்சி, கை சுத்திகரிப்பானுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் ஆல்கஹாலாக மாற்ற, சுமார் 20 கோடி யூரோ ஒதுக்கப்பட்டது. 2024-ல் கொடிகளை நிரந்தரமாகப் பிடுங்கி எறிய ஹெக்டேருக்கு 4,000 யூரோ தருவதாக அரசு அறிவித்தது. மனுக்கள் குவிந்தன. பாட்டன் நட்ட கொடியைப் பேரன் இயந்திரம் வைத்துப் பிடுங்குவது அங்கே சகஜமாகிவிட்டது.

பிடுங்கிய நிலம் சும்மா கிடந்தால் புதர் மண்டும். திராட்சைத் தோட்டம் கோடையிலும் பச்சையாக இருக்கும், வரிசைகளுக்கு நடுவே மண் உழுது கிடக்கும். காட்டுத் தீ வந்தால் அங்கே தயங்கும். 2025 ஆகஸ்டில் கோர்பியேர் மலைப்பகுதியில் பற்றிய தீ, சுமார் 16,000 ஹெக்டேரைத் தின்றது. கொடிகள் இருந்திருந்தால் இவ்வளவு வேகமாகப் பரவியிருக்காது என்று ஊர்க்காரர்களும் விவசாயிகளும் கொதித்தார்கள்.

இப்போது சிலர் ஆல்கஹால் குறைந்த ஒயினுக்கு மாறிப் பார்க்கிறார்கள். சிலர் வீட்டுக்காரர்களை நம்பி, அட்டைப்பெட்டிக்குள் பை வைத்த மூன்று லிட்டர், ஐந்து லிட்டர் பெட்டிகளில் விற்கிறார்கள். வேறு சிலர் கொடியைப் பிடுங்கிய இடத்தில் ஆலிவ், பாதாம், பிஸ்தா கன்றுகளை நட்டிருக்கிறார்கள். பிஸ்தா ஒழுங்கான காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகளாவது ஆகும்.