மைக்கோடும் வேண்டுதலும்

புற்றுநோய்க்குத் தரும் கதிர்வீச்சுச் சிகிச்சையை நம் ஜனங்கள் ‘கரண்டு வைப்பது’ என்றே சொல்கிறார்கள். ஆரணியாற்றங்கரையில் பவானியம்மன் குடிகொண்டிருக்கும் பெரியபாளையத்தில் ஒரு தாய்க்குக் கரண்டு வைக்க வேண்டுமென்று டாக்டர் சொல்லிவிட்டால், மின்சாரம் பாய்ந்து தேகம் துடிக்குமோ, குழந்தைகள் அருகில் போகலாகாதோ என்று வீடே கலங்கிப்போவது இயல்பு. உண்மையில் சரீரத்தில் மின்சாரம் பாய்வதே இல்லை. 1895-ஆம் ஆண்டில் ரான்ட்ஜன் கண்டறிந்த எக்ஸ் கதிர்களே, பன்மடங்கு வீரியத்தோடு, ‘லினாக்’ என்னும் இயந்திரத்திலிருந்து கட்டியை நோக்கிப் பாய்கின்றன. சில நிமிஷங்களில் வலியின்றி முடிந்துவிடும். இயந்திரம் நின்றதும் கதிரும் நின்றுவிடுவதால், வீடு திரும்பிய தாய் பேரக்குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்ச யாதொரு தடையுமில்லை.

சிகிச்சைக்கு முன்பே ஸ்கேன் எடுத்து, சருமத்தில் மையினால் கோடிடுவார்கள். வாய், தொண்டை நோயாளிகளுக்கு, வெந்நீரில் இளகிய வலைத்தகட்டை முகத்தின்மேல் படியவைத்து, அது ஆறி இறுகியதும் முகத்தின் அச்சாகவே எடுத்து வைப்பார்கள். தினந்தோறும் குறி பிசகாமல் அதே இடத்தில் கதிர் விழவேண்டும் என்பதற்கே இத்தனை ஏற்பாடும். ஆகவே குளிக்கையில் அந்த மைக்கோட்டைத் தேய்த்துவிடலாகாது.

கதிர் உயிரணுவின் டி.என்.ஏ. இழையை அறுக்கிறது. நல்ல அணுக்கள் அக்காயத்தை மறுநாளைக்குள் பெரும்பாலும் செப்பனிட்டுக்கொள்ள, புற்றணுக்களோ அத்திறமை குன்றி மடிகின்றன. இதனால்தான் பெரும்பாலோருக்கு வாரத்தில் ஐந்து நாளாகப் பல வாரங்கள் சிறுகச் சிறுகக் கொடுக்கிறார்கள். இடையில் நாள் விட்டுப்போனால் எஞ்சிய புற்றணுக்கள் மீண்டும் பெருகும்; ஆகவே நாள் தவறாமல் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அந்தத் துக்கத்தையே தொண்டாக்கி 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். அத்தகைய இடங்களுக்குப் பட்டணம்வரை அன்றாடம் பிரயாணம் செய்வது எளிதன்று. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் ஷிப்டு பார்க்கும் மகனும், வீட்டிலுள்ள மகளும் மருமகளும், எந்த நாளில் யார் துணைக்குப் போவது என்று முன்கூட்டியே பங்கிட்டுக்கொள்வது மருந்துக்கு நிகரான உதவி.

முதல் இரண்டு வாரங்கள் பெரும்பாலும் அமைதியாகவே கழியும். பிறகு அசதி வரும். கதிர் பட்ட சருமம் சிவக்கும், கறுக்கும். வாயில் கதிர் பட்டவர்களுக்குப் புண் உண்டாகி, ருசி கெடும். சிகிச்சை முடிந்த பின்னும் ஓரிரு வாரம் இவை மிகுந்து, அதன்பின் படிப்படியாகத் தணியும். காரமில்லாத குழைந்த சோறும் மோரும் முட்டையும் கொடுக்கலாம். தண்ணீர்கூட இறங்காவிட்டாலும், காய்ச்சல் கண்டாலும் உடனே டாக்டரிடம் தெரிவிக்க வேண்டும். கதிர் பட்ட இடத்தில் டாக்டரைக் கேளாமல் மஞ்சளோ எண்ணெயோ பவுடரோ பூசலாகாது.

ஆடியில் வேப்பிலை ஆடை உடுத்திப் பிரார்த்தனை செலுத்துவது பெரியபாளையத்து மரபு. நோயுற்ற தாயே அவ்விதம் நேர்ந்துகொண்டிருந்தால், புண்பட்ட சருமத்தில் தழை உராயாதபடி, தோல் முற்றும் ஆறும்வரை அதைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள். அம்மன் காத்திருப்பாள், சிகிச்சையின் நாட்கள் காத்திரா.