நட்சத்திரங்களே திசைகாட்டி: பசிபிக் தீவுகளின் படகுக் கூடங்கள் காக்கும் கடலறிவு

மேற்குப் பசிபிக் பெருங்கடலில் உள்ள மைக்ரோனேசியாவின் கரோலின் தீவு மக்கள், வரைபடமோ கருவிகளோ இன்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவைப் பாய்மரப் படகுகளில் கடந்து வந்தவர்கள். அவர்களின் வழிகாணும் அறிவையும் படகு கட்டும் கலையையும், அவசரமாகப் பாதுகாக்க வேண்டிய மரபுகளின் பட்டியலில் யுனெஸ்கோ 2021 டிசம்பரில் சேர்த்தது.

இம்மரபின் மையம், கடற்கரையில் ஊரார் ஒன்றுகூடி எழுப்பும் படகுக் கூடம். தாழ்ந்திறங்கும் ஓலைக் கூரை கொண்ட இக்கூடம் படகுகளை வெயில், மழையிலிருந்து காக்கிறது. ஆண்கள் கூடும் மன்றமும், இளைஞர்கள் கடலறிவைக் கற்கும் பள்ளியும் இதுவே.

படகு கட்டுவதும் ஊரின் கூட்டுப்பணிதான். சீமைப்பலா மரத்தைக் குடைந்து அடிப்பாகம் செய்யப்படுகிறது. அதன்மேல் பலகைகள் ஆணியின்றித் தென்னை நார்க் கயிற்றால் பிணைக்கப்படுகின்றன. படகு கவிழாதிருக்க ஒரு பக்கத்தில் மிதவைக் கட்டை பொருத்தப்படுகிறது.

வழிகாண்பது எப்படி?

ஒரு நட்சத்திரம் ஒவ்வோர் இரவும் தொடுவானின் அதே இடத்தில்தான் உதிக்கிறது. அதே இடத்தில்தான் மறைகிறது. அந்த இடங்களைக் கொண்டு தொடுவானம் 32 திசைகளாகப் பகுக்கப்படுகிறது. ஆசான் தரையில் கற்களை வட்டமாக அடுக்கி இதைக் கற்பிக்கிறார். வானத்தை மேகம் மூடினால், படகை அசைக்கும் அலைகளின் போக்கே திசையைச் சொல்லும். மாலையில் கூடு திரும்பும் கடற்பறவைகள் தீவு அருகில் இருப்பதை உணர்த்தும்.

இவ்வறிவின் ஆற்றலை உலகுக்குக் காட்டியவர் சடவல் தீவைச் சேர்ந்த மவ் பியாய்லுக் (1932-2010). ஹவாயில் இக்கலை அறிந்தோர் இல்லாத நிலையில், 1976-ல் 'ஹோகுலேயா' என்ற படகை அங்கிருந்து சுமார் 4,000 கி.மீ. தொலைவிலுள்ள டஹிட்டிக்குக் கருவிகள் இன்றி வழிநடத்தினார். சொந்தத் தீவில் கற்க முன்வருவோர் குறைந்ததால், பரம்பரையாகக் காக்கப்பட்ட இவ்வறிவை மரபை மீறி வெளியாருக்கும் கற்பித்தார். 2007-ல் ஹவாயைச் சேர்ந்த ஐவருக்குச் சடவலில் மாலுமிப் பட்டம் அளித்தார்.

மோட்டார் படகுகளும் செயற்கைக்கோள் வழிகாட்டிகளும் பயணத்தை எளிதாக்கியுள்ளன. எனினும், இக்கடலறிவு ஏட்டில் அல்ல, ஆசானிடமிருந்து மாணவருக்குச் செயல்வழியே வந்தது. கூடம் வெறுமையானால் கற்பிக்கும் இடமும் வாய்ப்பும் மறையும். ஓலைக் கூரை மட்கும்போதெல்லாம் அதை மீண்டும் வேய ஊர் திரள்வது இம்மரபின் உயிர்ப்புக்கு இன்றியமையாததாகிறது.