கணினி வந்தது, கார்டு போகவில்லை

ஜோகூரின் பழைய கிளினிக்குகளில் முகப்புக்குப் பின்னால் அந்த அலமாரி இன்னும் இருக்கும். அதில் வரிசை வரிசையாகப் பழுப்பேறிய நோயாளி கார்டுகள். நாம் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் சரியான கார்டை உருவி எடுக்கும் ஓர் அக்காவும் அங்கே இருப்பார். “உங்களுக்குப் பெனிசிலின் ஒத்துக்காதே” என்று டாக்டருக்கு முன்பே நினைவூட்டுவதும் அவர்தான்.

அந்த அக்காவின் மேசைக்குக் கணினி வந்தால் என்ன ஆகிறது?

ஜோகூர் பாருவில் தனியார் கிளினிக் ஒன்றில் பணிபுரியும் ஒருவரிடம் கேட்டேன். “தம்பி, கணினி பிடிக்கலன்னு யார் சொன்னா? திரையைப் பார்த்துக்கிட்டே இருந்தா வர்றவங்க முகத்தை எப்போ பார்க்கிறது?” என்றார். கைப்பேசியில் கட்டணம் செலுத்துவது, வாட்ஸ்அப்பில் பேரனுக்குப் படம் அனுப்புவது எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் கிளினிக்கில் கணினியிலும் பதிகிறார், கார்டிலும் எழுதுகிறார். ஒரே வேலை, இரண்டு முறை.

இது நம் நாட்டிற்குப் புதிய விஷயமல்ல. தாளில்லா மருத்துவமனையாகச் செலாயாங் மருத்துவமனை 1999-இல் திறக்கப்பட்டது. அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளுக்காக 2005-இல் தொடங்கிய டெலிபிரைமரி கேர் திட்டம் முதலில் சென்ற மாநிலங்களுள் ஜோகூரும் ஒன்று. கோவிட் காலத்தில் மைசெஜாத்ரா நம் எல்லாருடைய கைக்கும் வந்தது.

ஆனாலும் கருவி வந்துவிட்டால் போதாது. லாஸ் ஏஞ்சலிஸின் புகழ்பெற்ற சீடர்ஸ்-சைனாய் மருத்துவமனை, பெரும் செலவில் மருந்துச் சீட்டுகளைக் கணினிமயமாக்கியது. சில நொடிகளில் எழுதிய சீட்டுக்கு இப்போது பல நிமிடம் ஆகிறது என்று நூற்றுக்கணக்கான டாக்டர்கள் போர்க்கொடி தூக்கினார்கள். 2003 ஜனவரியில் அந்த முறை நிறுத்தி வைக்கப்பட்டது. படித்த டாக்டர்களே மறுத்தபோது, முகப்பு ஊழியரை மட்டும் ‘பழைய காலத்து ஆள்’ என்று சொல்வது நியாயமா?

ஊழியர்கள் புதிய முறையை ஏற்பதற்கு இரண்டு கேள்விகள் முக்கியம் என்றார் அமெரிக்க ஆய்வாளர் ஃபிரெட் டேவிஸ், 1989-இல். இது என் வேலைக்குப் பயன்படுமா? இதைப் பயன்படுத்துவது எளிதா? பல கிளினிக்குகளில் பயன் முதலாளிக்கும் கணக்காளருக்கும் போய்ச் சேர்கிறது. தட்டச்சு செய்யும் பாரம் மட்டும் முகப்பில் இருப்பவர் தலையில் விழுகிறது.

இதில் நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஒவ்வாமை பற்றிய குறிப்பு கார்டில் இருந்து, கணினியில் ஏறாமல் போனால், ஆபத்து நோயாளிக்குத்தான். அவசரத்தில் நாலு பேர் ஒரே கடவுச்சொல்லைப் பகிர்ந்துகொண்டால், யார் எதை மாற்றினார் என்றே தெரியாது. பாலத்துக்கு அந்தப் பக்கம், 2018-இல் சிங்ஹெல்த் கணினிக்குள் ஊடுருவியவர்கள் 15 லட்சம் பேரின் விவரங்களைக் களவாடினார்கள். பூட்டும் சாவியும் பொறுப்பானவர் கையில் இருக்க வேண்டும்.

என்ன செய்யலாம்? மென்பொருளை வாங்கும் முன்பே முகப்பு ஊழியரையும் மருந்து கொடுப்பவரையும் உட்கார வைத்துக் காட்ட வேண்டும். பயிற்சியை ஒரே மாலையில் முடிக்காமல், முதல் சில வாரங்களுக்கு நோயாளிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்கொண்டு பழக விடலாம். எந்த நாளிலிருந்து கார்டில் எழுத வேண்டாம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நாளுக்கு முன், ஒவ்வாமை, தொடர் மருந்துகள் ஆகியவற்றைக் கார்டிலிருந்து கணினிக்கு மாற்றிச் சரிபார்க்கும் பொறுப்பை அந்த அக்காவிடமே கொடுக்கலாம். இத்தனை ஆண்டு நினைவும் அப்போது வீணாகாது.

நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. கிளினிக் கணினிக்கு மாறியிருந்தால், அடுத்த முறை போகும்போது கேளுங்கள்: “அக்கா, எனக்கு ஒத்துக்காத மருந்து உள்ளே பதிவாகியிருக்கா?” அவர் திரையில் தேடிப் பார்க்கும் அந்த ஒரு நிமிடம் பொறுமையாக நில்லுங்கள்.