கண் பழகும், கை பழகாது
பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் காரின் புது வடிவம் கிளப்பிய சர்ச்சை

ஸ்போர்ட்ஸ் செடான் என்பது இரட்டை வேடம் போடும் கார். நான்கு கதவும் பின்னால் டிக்கியும் கொண்ட குடும்பக் கார்தான். ஆனால் எஞ்சின், சஸ்பென்ஷன், ஸ்டீயரிங் எல்லாம் ஓட்டுபவரின் உற்சாகத்துக்காகக் கூர்தீட்டப்பட்டிருக்கும். இந்த வகைக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்பட்டு வந்தது ஜெர்மனியின் பிஎம்டபிள்யூ 5 சீரிஸ். 1972இல் தொடங்கிய இந்த வரிசையின் ஐந்தாம் தலைமுறை 2003இல் வெளிவந்தது. நிறுவனத்துக்குள் அதன் குறியீட்டுப் பெயர் ஈ60. அதன் வெளித்தோற்றமும் உட்புறமும் கார் ஆர்வலர்களிடையே கிளப்பிய கோபத்தைப் போல ஒரு செடான் கிளப்புவது அரிது.

கோபத்தின் அளவு புரிய, முந்தைய தலைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். 1995இல் வந்த ஈ39 அடக்கமான அழகுக்குப் பேர்போனது. நீண்ட பானெட், மட்டமாக ஓடும் பக்கக் கோடு, கண்ணாடிக்குள் அடங்கிய இரட்டை வட்ட ஹெட்லைட் என எதுவும் உறுத்தாது. அதன் அதிவேக வடிவமான எம்5இல் 400 குதிரைத்திறன் தரும் வி8 எஞ்சினும், கையால் மாற்றும் ஆறு கியரும் இருந்தன. இதற்கு மேல் திருத்த என்ன இருக்கிறது என்று ரசிகர்கள் நினைத்த கார் அது.

பிஎம்டபிள்யூவின் வடிவமைப்புத் தலைவராக 1992இல் பொறுப்பேற்ற அமெரிக்கர் கிறிஸ் பேங்கிள் அப்படி நினைக்கவில்லை. 3, 5, 7 ஆகிய மூன்று வரிசைகளும் ஒரே அச்சில் வார்த்துச் சிறிது, நடுத்தரம், பெரிது என்று வெட்டியவை போல இருந்தன. ஒவ்வொன்றுக்கும் தனி முகம் வேண்டும் என்ற முடிவின் முதல் விளைவு 2001இல் வந்த 7 சீரிஸ். அதன் டிக்கி, உடலின் மேல் தனியாக ஒரு மூடி வைத்தது போல உயர்ந்து நின்றது. வரைந்தவர் ஏட்ரியன் வான் ஹூய்டொங்க். ஏச்சு முழுவதும் தலைவர் பேங்கிளுக்குப் போனது. டிக்கிக்கு அவர் பெயரையே வைத்துக் கேலி செய்தார்கள். அவரை வேலையை விட்டு நீக்கக் கோரும் மனுவில் ஆயிரக்கணக்கானோர் கையெழுத்திட்டார்கள். 5 சீரிஸாவது தப்புமா என்ற கவலையோடுதான் ஆர்வலர்கள் 2003க்காகக் காத்திருந்தார்கள்.

ஈ60இன் வெளித்தோற்றத்தை வரைந்தவர் இத்தாலியரான டாவிடே அர்காஞ்செலி. கார் சாலைக்கு வருவதற்கு முன்பே, 2000ஆம் ஆண்டில், முப்பது வயதில் ரத்தப் புற்றுநோய்க்குப் பலியானார். காரைச் சுற்றி எழுந்த வசவையும் பிறகு வந்த பாராட்டையும் அவர் பார்க்கவில்லை.

முதல் புகார் முகத்தைப் பற்றியது. ஹெட்லைட்டுகள் முன்பக்கத்தோடு நிற்காமல் பின்னோக்கி நீண்டு பக்கத் தகடு வரை ஏறின. விளக்கின் மேல்விளிம்பில் புருவம் தீட்டியது போல இண்டிகேட்டர். பழைய காரின் நேரான பார்வை போய், புருவத்தை உயர்த்திப் பார்க்கும் முகம் வந்துவிட்டது என்றார்கள். பின்பக்கத்தில் 7 சீரிஸின் உயர்ந்த டிக்கி மென்மையான வடிவில் தொடர்ந்தது.

பக்கவாட்டில்தான் பேங்கிள் குழுவின் புது முறை தெரியும். ஃபிளேம் சர்ஃபேசிங், அதாவது தழல் போன்ற பரப்பு என்று அதற்குப் பெயர் வந்தது. வெளியே புடைத்த வளைவும் உள்ளே குழிந்த வளைவும் ஒரே தகட்டில் சந்திக்கும். பழைய காரின் கதவில் வெயில் பட்டால் ஒரே சீரான ஒளிக்கோடு முன்னிருந்து பின்வரை ஓடும். ஈ60இன் கதவில் அந்தக் கோடு பாதியில் மங்கி, கீழே நிழலாகி, பின்சக்கரத்தருகே மறுபடி எழும். பார்ப்பவர் இரண்டடி நகர்ந்தால் கோடும் இடம் மாறும். நின்ற இடத்திலிருந்து எடுத்த புகைப்படத்தில் இது கசங்கிய தகடு போலத் தெரிந்தது. சாலையில் ஓடும்போதுதான் உயிர் பெற்றது. ஆகவே படத்தைப் பார்த்துத் திட்டிய பலர், நேரில் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார்கள்.

உட்புறத்தின் மீதான புகார் வேறு வகை. 1975இன் 3 சீரிஸ் தொடங்கி, பிஎம்டபிள்யூ கார்களில் டாஷ்போர்டின் நடுப்பகுதி ஓட்டுநரை நோக்கிச் சற்றே திரும்பியிருக்கும். ரேடியோ, ஏசி பொத்தான்கள் எல்லாம் அவர் கைக்கு எட்டும் கோணத்தில் அமையும். இந்தக் கார் ஓட்டுபவருக்கு உரியது என்று சொல்லாமல் சொல்லும் ஏற்பாடு அது. ஈ60இல் அந்தக் கோணம் போய்விட்டது. டாஷ்போர்டு இரண்டு மேடுகளாக நேராக நீண்டது. ஒரு மேட்டின் கீழ் மீட்டர்கள், மறுமேட்டின் கீழ் திரை. பொத்தான்கள் குறைந்து இடம் விசாலமாகத் தெரிந்தது உண்மை. ஆனால் ஓட்டுநர் தன் நாற்காலியை இழந்து, வரவேற்பறையில் உட்கார வைக்கப்பட்டது போல ஆர்வலர்கள் உணர்ந்தார்கள்.

அந்தத் திரையை இயக்க ஐடிரைவ் என்ற ஒற்றைக் குமிழ் வந்தது. 2001இன் 7 சீரிஸில் எட்டுத் திசைக்குத் தள்ளக்கூடியதாக அறிமுகமாகி ஏராளமான திட்டு வாங்கிய குமிழ், ஈ60இல் நான்கு திசையாக எளிமையாக்கப்பட்டிருந்தது: தொலைபேசி, வழிகாட்டி, பாட்டு, ஏசி. அப்போதும் சிக்கல் தீரவில்லை. வானொலி நிலையத்தை மாற்ற முன்பு ஒரு பொத்தானைத் தட்டினால் போதும். இப்போது குமிழைத் தள்ளி, பட்டியலில் சுழற்றி இறங்கி, அழுத்தித் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் கண் சாலையை விட்டுத் திரைக்குப் போய் வரும். பொத்தான் இருக்கும் இடம் விரலுக்கு மனப்பாடமாகும். மாறிக்கொண்டே இருக்கும் பட்டியல் ஆகாது.

எல்லாமே எதிர்ப்பாக இருக்கவில்லை. வேகத்தை முன்கண்ணாடியில் ஒளியாகக் காட்டும் ஹெட்-அப் டிஸ்ப்ளே ஈ60இல் கிடைத்தது. பார்வையைத் தாழ்த்தாமலே வேகம் தெரிந்ததால் ஓட்டுபவர்கள் அதை விரும்பினார்கள். எடையைக் குறைக்க உடலின் முன்பகுதி அலுமினியத்தால் செய்யப்பட்டிருந்தது. பெரிய காராக இருந்தும் வளைவுகளில் அது சுறுசுறுப்பாகத் திரும்பியதை, முகம் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

ஈ60இன் எம்5 வந்தபோது இந்த இரு மனநிலையும் ஒரே காரில் மோதின. 5 லிட்டர், பத்து சிலிண்டர், 507 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 8,000 சுழற்சிக்கு மேலும் ஏறும் எஞ்சின். அதன் ஒலியைப் பற்றி ஆர்வலர்களிடம் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் ஸ்டார்ட் செய்ததும் கிடைப்பது 400 குதிரைத்திறன்தான். மீதியைப் பெறத் தனிப் பொத்தானை அழுத்த வேண்டும். கியரைத் தானே மாற்றும் ஏழு வேக எஸ்எம்ஜி பெட்டிக்கும் பல அமைப்பு நிலைகள். அமெரிக்காவின் ரசிகர்கள் கிளட்ச் மிதித்துக் கையால் மாற்றும் கியர்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார்கள். நிறுவனம் இறங்கி வந்து, வட அமெரிக்காவுக்கு மட்டும் ஆறு வேகக் கைக் கியரோடு எம்5 தயாரித்தது.

விற்பனை, ஆர்வலர்களின் கோபத்துக்குச் செவிசாய்க்கவில்லை. ஈ60 பத்து லட்சத்துக்கும் மேல் விற்றது. 2007இல் சென்னையை அடுத்த மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் பிஎம்டபிள்யூ தொடங்கிய ஆலையில் பொருத்தப்பட்ட முதல் கார்களில் இதுவும் ஒன்று. உயர்ந்த டிக்கியும் நீண்ட ஹெட்லைட்டும் சில ஆண்டுகளில் மற்ற நிறுவனங்களின் கார்களிலும் தோன்றின. ஊரெல்லாம் அதே வடிவம் ஓடத் தொடங்கியதும் யாருக்கும் அது உறுத்தவில்லை. இன்று ஈ60ஐக் காலத்தை முந்திய வடிவமைப்பு என்று புகழ்பவர்கள் நிறைய.

எந்தப் புகார் தீர்ந்தது, எது தானாக அடங்கியது என்பதை அடுத்து வந்த மாற்றங்கள் காட்டுகின்றன. 2007இன் புதுப்பிப்பில் வெளித்தோற்றம் ஏறக்குறைய அப்படியே இருந்தது. விளக்குகளிலும் பம்பரிலும் சிறு திருத்தம் மட்டுமே. உள்ளே கதவுப் பலகை மாறியது, கண்ணாடி ஏற்றி இறக்கும் சுவிட்சுகள் இடம் மாறின. 2008இல் ஐடிரைவ் குமிழைச் சுற்றி ரேடியோ, தொலைபேசி, வழிகாட்டிக்கெல்லாம் நேரடிப் பொத்தான்கள் திரும்பி வந்தன. கண் பழகிக்கொண்டது, கை பழகிக்கொள்ள மறுத்ததால் நிறுவனம் பணிய வேண்டியதாயிற்று.

2020இல் 3 சீரிஸின் அதிவேக வடிவமான எம்3 செடான் நெடிதுயர்ந்த சிறுநீரக வடிவ கிரில்லோடு வந்தபோது பழைய கூச்சல் மறுபடி எழுந்தது. இரண்டு ஆண்டு கழித்து 3 சீரிஸின் புதுப்பிப்பில் வளைந்த பெரிய திரை வந்து, ஏசி பொத்தான்கள் பெரும்பாலும் அதற்குள் மறைந்தன. கிரில்லைப் பற்றிய பேச்சு குறைந்துவிட்டது. பொத்தான்களுக்காக ஏங்கும் குரல் குறையவில்லை.

பேங்கிள் 2009இல் பதவி விலகினார். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் அமர்ந்தவர், சர்ச்சைக்குரிய 7 சீரிஸை வரைந்த அதே வான் ஹூய்டொங்க். அடுத்த 5 சீரிஸ் 2010இல் விற்பனைக்கு வந்தபோது அதன் டாஷ்போர்டு மறுபடியும் ஓட்டுநரை நோக்கித் திரும்பியிருந்தது.