கோப்பையை வென்ற அணியைக் கலைத்த கணக்கு

நம் சங்க இதழில் விளையாட்டைப் பற்றி நான் எழுதுவது இதுவே முதல் தடவை. ஹாக்கி என்றதும் நம்மில் பலருக்கு ரயில்வே மைதானமும் தியான் சந்தும் நினைவுக்கு வரலாம். நான் எழுத வந்ததோ வட அமெரிக்காவில் பனித்தளத்தின் மேல் ஆடும் ஐஸ் ஹாக்கி. உண்மையைச் சொன்னால், ஆட்டத்தைவிட அதன் பின்னால் இருக்கும் சம்பளக் கணக்குதான் என்னைப் பிடித்துக்கொண்டது. எஸ்டிமேட்டோடும் சாங்ஷனோடும் முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியவனுக்கு வேறென்ன பிடிக்கும்?

2010 ஜூன் மாதம் லீவு போட்டுவிட்டு, சிகாகோவுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்கு நானும் மனைவியும் போயிருந்தோம். 9ஆம் தேதி இரவு சிகாகோ பிளாக்ஹாக்ஸ் அணி பிலடெல்பியாவை 4-3 என்று வென்று ஸ்டான்லி கோப்பையைக் கைப்பற்றியது. 1961க்குப் பிறகு, 49 வருடங்கள் கழித்து! கூடுதல் நேரத்தில் பேட்ரிக் கேன் அடித்த பக் (பந்துக்குப் பதில் அங்கே ஒரு ரப்பர் வில்லை) வலையின் அடியில் போய்ச் செருகிக்கொண்டது. கோலா, இல்லையா என்று அரங்கமே விழித்துக்கொண்டிருக்க, கேன் மட்டும் கைகளைத் தூக்கிக்கொண்டு தளத்தின் மறுகோடிக்குச் சறுக்கிப் போனார்.

அக்கா பேரனுக்கு அப்போது ஒன்பது வயது. டஸ்டின் பஃப்ளின் என்ற ஆஜானுபாகுவான வீரர்தான் அவனுக்குத் தெய்வம். அவருடைய 33ஆம் எண் போட்ட சட்டையைத் துவைக்கக்கூடக் கழற்றித் தரமாட்டான். அந்த வருடத்துக் கோப்பைச் சுற்றுகளில் பஃப்ளின் 11 கோல் போட்டிருந்தார். ஆனால் கோப்பை வந்த பதினைந்தாம் நாள், ஜூன் 24 அன்று, அவரையும் பிரென்ட் சோப்பல், பென் ஈகர் என்ற இருவரையும் அட்லாண்டா அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். பையன் அன்று சரியாகச் சாப்பிடவில்லை. "ஜெயிச்ச டீமை எதுக்குத் தாத்தா உடைக்கறாங்க?" என்று என்னிடம் வந்து நின்றான்.

என்னிடம் பதில் இல்லை. அவன் அப்பா ஒரே வார்த்தையில் "சம்பள வரம்பு" என்றான். அதைப் பிரித்துச் சொல்லச் சொல்லி, பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் சம்பளத் தகராறு முற்றி, 2004-05 பருவம் முழுவதும் அங்கே ஒரு ஆட்டம்கூட நடக்கவில்லை. கோப்பையும் யாருக்கும் இல்லை. பிறகு ஏற்பட்ட ஒப்பந்தப்படி ஒவ்வொரு அணியின் மொத்தச் சம்பளத்துக்கும் ஒரு உச்சவரம்பு வைத்தார்கள். முதல் வருடம் 3.9 கோடி டாலர். லீகின் வருமானத்தை ஒட்டி அது மாறும். கீழேயும் ஒரு வரம்பு உண்டு. அதற்குக் குறைவாகச் செலவு செய்து கஞ்சத்தனம் பண்ணவும் முடியாது. நீண்ட நாள் காயம் போன்ற சில விலக்குகள் தவிர, உச்சவரம்பு வரம்புதான். 'அபராதம் கட்டிவிடுகிறேன்' என்று பணக்கார முதலாளி தப்பிக்க வழியில்லை. பாலத்துக்கு விதித்த ஆக்சில் லோடு மாதிரி.

2010-11 பருவத்துக்கு வரம்பு 5.94 கோடி டாலர். கேப்டன் ஜோனதன் டேவ்ஸுக்கும் பேட்ரிக் கேனுக்கும் அதுவரை இளம் வீரருக்குரிய ஆரம்பச் சம்பளம்தான். அந்த வருடம் முதல் ஆளுக்கு 63 லட்சம். டங்கன் கீத்துக்குச் சுமார் 55 லட்சம். பிரையன் கேம்ப்பெல் 71 லட்சத்துக்கு மேல். மரியன் ஹோசா 52.75 லட்சம். கூட்டிப் பார்த்தால் ஐந்து பேருக்கே வரம்பில் பாதி போய்விடுகிறது. அணிக்கு வேண்டியதோ இருபதுக்கு மேல். போதாததற்கு, வெற்றி பெற்ற வருடத்தில் இளம் வீரர்களுக்குக் கொடுத்த போனஸ் எகிறி, சுமார் 40 லட்சம் டாலர் அடுத்த வருடக் கணக்கில் ஏறிக்கொண்டது. ஜெயித்ததற்கே ஒரு தண்டம்!

யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது? கேம்ப்பெல்லை விற்றால் பெரும் பாரம் குறையும் என்று நான் சட்டென்று சொல்லிவிட்டேன். அக்கா மகன் சிரித்தான். இன்னும் ஆறு வருடம் பாக்கியுள்ள அந்தப் பெரிய ஒப்பந்தத்தைச் சுமக்க எந்த அணி வரும்? கைமாறக்கூடியது, வாங்கும் சம்பளத்தைவிட நன்றாக ஆடும் வீரன்தான். ஆக, விற்க மனம் வராதவனைத்தான் விற்க முடியும். இதில் இன்னொரு சங்கடம். சிகாகோ விற்றே ஆகவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, நிலத்தை விற்கிறேன் என்று தரகரிடம் போனால் என்ன விலை கிடைக்கும்?

பஃப்ளினுக்குப் பின்னால் கிறிஸ் வெர்ஸ்டீக் டொராண்டோவுக்கும், ஆண்ட்ரூ லாட் அட்லாண்டாவுக்கும் போனார்கள். பதிலுக்கு வந்தவை பெரும்பாலும் குறைந்த சம்பளத்து இளைஞர்களும், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமைகளும். அட்லாண்டாவிடம் பெற்ற முதல் சுற்று உரிமையில் சிகாகோ தேர்ந்தெடுத்த கெவின் ஹேஸ், அந்த அணிக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாமல் 2014ல் நியூயார்க் ரேஞ்சர்ஸில் சேர்ந்துவிட்டார்.

ஜூலையில் சான் ஹோசே அணி ஒரு வேலை செய்தது. சிகாகோவின் இளம் டிஃபென்ஸ் வீரர் நிக்லாஸ் யால்மர்சனுக்கு நான்கு வருடத்துக்கு 1.4 கோடி டாலர் தருவதாக ஒப்பந்தம் நீட்டியது. விதிப்படி சிகாகோ ஏழு நாட்களுக்குள் அதே தொகையைக் கொடுத்து அவரை நிறுத்திக்கொள்ளலாம்; இல்லையென்றால் அவர் போய்விடுவார். கொடுத்து நிறுத்திக்கொண்டது. அப்படியானால் கோப்பையை வென்ற கோல்கீப்பர் அன்ட்டி நியெமிக்குப் பணம்? நடுவர் அவருக்கு 27.5 லட்சம் என்று தீர்ப்புச் சொன்னார். சிகாகோ அதை ஏற்காமல் அவரை விட்டுவிட்டு, அனுபவஸ்தரான மார்ட்டி டர்க்கோவை 13 லட்சத்துக்கு எடுத்தது. நியெமியைக் கூப்பிட்டுக்கொண்டது யார்? அதே சான் ஹோசே!

ஆனால் எனக்கு மிகவும் ரசித்தது ஹோசாவின் ஒப்பந்தம். 2009ல் போட்டது. 12 வருடம், 6.33 கோடி. முதல் ஏழு வருடங்கள் 79 லட்சம் வீதம். கடைசி நான்கு வருடங்கள் வெறும் 10 லட்சம் வீதம். வரம்புக் கணக்கில் ஏறுவதோ 12 வருடச் சராசரி மட்டும். கையில் வாங்குவது 79, ஏட்டில் 52.75! ஆடிட் கண்ணில் படாமல் இருக்குமா? 2013 ஒப்பந்தத்தில், ஒப்பந்தக் காலம் எட்டு வருடத்துக்கு மேல் கூடாது என்று அடைத்துவிட்டார்கள். சம்பளம் அதிகமான கோல்கீப்பர் ஹூவேயை அப்போது சுவிட்சர்லாந்து அணிக்கு அனுப்பிக் கணக்கிலிருந்து நீக்கினார்களே, அந்த ஓட்டையும் அத்துடன் அடைபட்டது. சரும நோயால் 2017ல் ஆட்டத்தை நிறுத்திய ஹோசாவின் ஒப்பந்தத்தை மறுவருடம் அரிசோனா அணிக்கு மாற்றினார்கள். ஆடாத மனிதருக்கும் டிரான்ஸ்பர்!

நம் நாட்டிலும் இந்தக் கணக்கு வந்துவிட்டது. 2024 அக்டோபரில் நடந்த ஹாக்கி இந்தியா லீக் ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய்தான் பை. அதில் 24 பேர் எடுக்கவேண்டும். ஹர்மன்பிரீத் சிங்குக்கு மட்டும் 78 லட்சம் போனது, ஐந்தில் ஒரு பங்கு. நம் தமிழ்நாடு டிராகன்ஸ் நெதர்லாந்தின் யிப் யான்சனுக்கு 54 லட்சம் கொடுத்தது. வேலையும் வருடாந்திர இன்கிரிமென்ட்டும் கிடைத்தால் போதும் என்று ரயில்வேயில் சேர்ந்த ஹாக்கிக்காரர்களோடு பழகியவன் நான். அவர்கள் இந்தத் தொகையைக் கேட்டால் என்ன சொல்வார்கள்!

மறுவருடம் சிகாகோ கடைசி நாளில்தான் தட்டுத்தடுமாறிக் கோப்பைச் சுற்றுக்குள் நுழைந்து, முதல் சுற்றிலேயே வான்கூவரிடம் தோற்றது. ஆனால் வைத்துக்கொண்ட டேவ்ஸ், கேன், கீத், ஹோசா, யால்மர்சன் ஆகியோரோடு 2013லும் 2015லும் மறுபடி வென்றது. அட்லாண்டா அணி 2011ல் வின்னிபெக்குக்கே குடிபெயர்ந்தது. பஃப்ளினும் கூடவே போனார்.

2015 ஜூனில் கோப்பை வந்த மறுநாள் அக்கா பேரனுக்கு போன் செய்தேன். நான் வாழ்த்துச் சொல்லி முடிக்கவில்லை, "கேனுக்கும் டேவ்ஸுக்கும் இனிமே ஆளுக்கு 105 லட்சம் தாத்தா. ஷார்ப்புக்கு 59. அவர் போயிடுவார், பாருங்க" என்றான். ஜூலையில் பேட்ரிக் ஷார்ப் டல்லஸுக்குப் போனார். அதற்குப் பத்து நாள் முன்னால் பிராண்டன் சாடும் போனதை மட்டும் அவன் எதிர்பார்க்கவில்லை.