சுண்டல் பட்டாணியும் குருமாப் பட்டாணியும்

பெசன்ட் நகர்க் கடற்கரையில் மாலை வேளையில் விற்கப்படும் தேங்காய், மாங்காய், பட்டாணிச் சுண்டலைச் சுவைத்திருப்பீர்கள். தியாகராய நகர்க் கடைத்தெருவில் வாங்கும் பச்சைப் பட்டாணி உங்கள் இல்லத்துக் குருமாவில் மணந்திருக்கும். இவ்விரண்டும் ஒரே செடியினம் என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா? 1753ஆம் ஆண்டு லின்னேயஸ் அதற்கு இட்ட பெயர் ‘பைசம் சட்டைவம்’.

பட்டாணி குளிரை விரும்பும் செடி. சென்னையின் வெப்பம் அதற்கு ஒவ்வாது. நீலகிரி, கொடைக்கானல் போன்ற மலைப்பகுதிகளில்தான் அது செழிக்கும். ஆகவே நம் பிள்ளைகள் அச்செடியைக் கண்டிருப்பது அரிது. அதன் இலைக்காம்பின் நுனியிலுள்ள சிற்றிலைகள் சுருள்கம்பிகளாக மாறிக் கொழுகொம்பைப் பற்றிக்கொள்ளும். காம்பின் அடியிலுள்ள இரு இலையடிச் செதில்களோ சிற்றிலைகளைவிடப் பெரியவை.

பூவின் அமைப்பை அறிய மலைக்குப் போக வேண்டியதில்லை. மயிலாப்பூர்ச் சந்தையில் ஓர் அகத்திப்பூ வாங்கிப் பிரித்துப் பாருங்கள். அகத்தியும் பட்டாணியும் அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. (முருங்கைக்காய் நீண்டிருப்பதால் அதையும் இதில் சேர்த்துவிடாதீர்கள், அது வேறு குடும்பம்.) மேலே அகன்ற கொடியிதழ் ஒன்று, இருபுறமும் சிறகிதழ்கள் இரண்டு, கீழே இணைந்து படகு போன்ற இரண்டு. மகரந்தத் தாள்கள் பத்து. அவற்றுள் ஒன்பது ஒட்டியிருக்க, ஒன்று மட்டும் தனித்து நிற்கும்.

பட்டாணியில் அந்தப் படகிதழ்கள் மூடியிருக்கும்போதே தன்மகரந்தச் சேர்க்கை நிகழ்ந்துவிடும். அதனால் தலைமுறைதோறும் குணம் மாறாது. கிரிகோர் மெண்டல் இச்செடியைத் தேர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம். உருண்டை விதைச் செடியையும் சுருங்கிய விதைச் செடியையும் அவர் கலந்தபோது, முதல் தலைமுறை விதைகள் யாவும் உருண்டை. இரண்டாம் தலைமுறையிலோ 5,474 உருண்டை, 1,850 சுருங்கியவை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று! 1866இல் இக்கட்டுரை அச்சேறியும் உலகம் நெடுநாள் கவனிக்கவில்லை.

சுருக்கத்தின் காரணம் 1990இல் தெரியவந்தது. மாவுச்சத்தை உருவாக்க உதவும் ஒரு மரபணு அதில் பழுதுபட்டுள்ளது. எனவே சர்க்கரை மிகுந்து, நீரும் அதிகம் சேர்ந்து, உலரும்போது விதை சுருங்குகிறது. பச்சையாக உண்ண இனிப்பதும் அதுவே. சுண்டலுக்குரிய உலர்பட்டாணி மாவுச்சத்து மிகுந்த உருண்டை வகை.

இந்த வேற்றுமையை இல்லத்தரசியர் அறிவது நன்று. ஏனெனில் உலர்பட்டாணியை ஊறவைத்து, பச்சைச் சாயமேற்றி, உரித்த பட்டாணி என்று விற்போரும் உண்டு. ஐயம் எழுந்தால், கண்ணாடிக் குவளையில் சிறிது பட்டாணியிட்டு, நீரூற்றிக் கலக்கி, அரைமணி நேரம் வைத்துப் பாருங்கள். நீர் பச்சையானால் அது சாயம். தோலோடு வாங்கி வீட்டில் உரித்தால் இந்தச் சோதனைக்கே வேலையில்லை.